பதினான்கு கிலோ

கழித்தால் பத்துச் சொச்சம் வர வேண்டும். வந்தது பத்தொன்பது புள்ளி எட்டு.

தனப்பிரியா குழந்தையை இடுப்பில் வைத்தபடியே எடை மிஷின் மேல் நின்று, காலடியில் சிவப்பாக எரிந்த எண்ணை இன்னொரு முறை குனிந்து பார்த்தாள். எழுபத்தொன்று புள்ளி எட்டு. அதில் அவளுடைய ஐம்பத்திரண்டு போனால் மிச்சம்தான் குழந்தை. சின்னக் குழந்தைகள் மிஷினில் தனியாக நிற்காது, உட்கார வைத்தால் உருளும், அழும். அதனால் நர்ஸே தூக்கிக்கொண்டு ஏறிவிட்டு, தன் எடையைக் கழித்துக்கொள்வாள். எருமப்பட்டி ரோட்டில் இருக்கும் அந்தப் பத்துக் கட்டில் ஆஸ்பத்திரியில் அவள் ஏழு வருடமாகச் செய்வது அதுதான். அவள் எடை கூடவும் கூடாது, குறையவும் குறையாது. கூட்டித் துடைக்கும் ராமாத்தாள் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வாள். "நீங்க மனுசியில்லீங்க சிஸ்டர், எடைக்கல்லு."

பத்து மாதக் குழந்தை எப்படிப் பத்தொன்பது கிலோ இருக்கும்? அவள் குழந்தையை அதன் அம்மாவிடம் கொடுத்து, அம்மாவைக் குழந்தையோடு ஒருமுறையும் தனியாக ஒருமுறையும் ஏற்றினாள். கழித்தபோது பத்து புள்ளி ஆறு வந்தது. சீட்டில் அதை எழுதி, காய்ச்சல் மருந்தின் அளவையும் எழுதி அனுப்பிவைத்தாள்.

வார்டில் யாரும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம். மேலே ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒருமுறை முனகியது. பக்கத்துக் கோழிப் பண்ணையின் தீவன வாடை ஜன்னல் வழியாக வந்து, டெட்டால் வாடையோடு கலந்து நின்றது. தனப்பிரியா செருப்பைக் கழற்றிவிட்டு மிஷினில் தனியாக ஏறினாள்.

அறுபத்தொன்று புள்ளி இரண்டு.

இறங்கினாள். ஏறினாள். அதே எண். ராமாத்தாளைக் கூப்பிட்டு ஏற்றினாள். அவளுக்கு எப்போதும்போல ஐம்பத்தெட்டு காட்டியது. மறுபடியும் தான் ஏறினாள். அறுபத்தொன்று புள்ளி இரண்டு.

அந்த எண் அவளுக்குத் தெரியும். முந்தின நாள் இதே மிஷினில் இதே எண்ணைப் பார்த்திருந்தாள். அப்போது அவள் கையில் இனியன் இருந்தான். அவன் இறந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

*

இனியனுக்கு ஒன்றே முக்கால் வயது. காய்ச்சலில் வலிப்பு வந்து, காலை பதினொரு மணிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அவன் அம்மா நர்மதா. இன்னொருத்தி அவன் அப்பாவுக்கு மூத்த அக்கா சென்னியம்மாள். டாக்டர் தீனதயாளன் அப்போது நாமக்கல்லில் இருந்தார். போனில்தான் பேசினார். முதலில் போட்ட மருந்துக்கு வலிப்பு நிற்கவில்லை. அடுத்தது ஃபெனிட்டாயின் போடு, கிலோவுக்கு இருபது மில்லிகிராம், இருபது நிமிடம் மெதுவாக ஏற்று, நான் கிளம்பிவிட்டேன் என்றார்.

கிலோவுக்கு இருபது. ஆனால் எத்தனை கிலோ? எடை மிஷினின் பேட்டரி காலையிலேயே போயிருந்தது. ராமாத்தாள் பேட்டரி வாங்கக் கடைக்குப் போயிருந்தாள்.

"கொழந்த எடை எவ்வளவுங்க?" என்று தனப்பிரியா கேட்டாள். நர்மதாவுக்கு வாயே வரவில்லை. சென்னியம்மாள்தான் சொன்னாள்.

"பதினாலு கிலோங்க சிஸ்டர். போன ஞாயித்துக்கெழமதான் எங்க குலசாமி கோயல்ல தராசுல ஒக்கார வெச்சு எடைக்கு எடை வெல்லம் குடுத்தமுங்க. சரியாப் பதினாலு கிலோ."

தனப்பிரியா குழந்தையின் மணிக்கட்டைப் பார்த்தாள். அவள் இரண்டு விரலுக்குள் அடங்கிவிடும் மணிக்கட்டு. பதினான்கு கிலோ பிள்ளையின் கை அப்படி இருக்காது. அவளுக்கு அது தெரியும், அந்த நொடியிலேயே தெரியும். ஆனால் தராசில் வைத்து நிறுத்த எடை என்கிறார்கள், அதுவும் போன வாரம் நிறுத்தது. வலிப்பு நின்றபாடில்லை. பதினான்கை இருபதால் பெருக்கினாள். இருநூற்று எண்பது. மில்லிக்கு ஐம்பது வீதம் ஐந்து புள்ளி ஆறு மில்லி எடுத்து ஏற்றினாள்.

வலிப்பு நின்றது. சென்னியம்மாள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்குப் பத்து நிமிடம் கழித்து மூச்சும் மெலிந்து மெலிந்து நின்றது. நாடித் துடிப்பு விரலுக்கு அடியில் தேய்ந்துகொண்டே போனதை அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் போகும்வரை எண்ணினாள்.

டாக்டர் வந்து சீட்டைப் பார்த்தார். "எடை பதினாலு. டோஸ் இருநூத்தி எம்பது. கணக்குச் சரியாத்தான் இருக்குது. காய்ச்சல் மூளைக்கு ஏறிருச்சும்மா, நீ என்ன பண்ணுவே," என்றார். அவர் பிள்ளையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

வண்டி பேசப் போனவர்கள் திரும்பி வருவதற்குள் தனப்பிரியா இனியனின் உடம்பைத் துடைத்து, சட்டை போட்டுவிட்டாள். ராமாத்தாள் அதற்குள் புது பேட்டரி போட்டிருந்தாள். தூக்கியதும் கைக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் அவனை இடுப்பில் சாய்த்துக்கொண்டு மிஷினில் ஏறினாள். அறுபத்தொன்று புள்ளி இரண்டு. ஒன்பது புள்ளி இரண்டு கிலோ. இறங்கினாள். அவனை நர்மதாவின் மடியில் கொடுத்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

இனியன் இறந்த எட்டாம் நாள் சென்னியம்மாள் ஏதோ தாள் வாங்க வந்தாள். வந்தவள் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"சாமிக்குக் கொறச்சலா வெக்கப்படாதுங்க சிஸ்டர். புள்ள இருக்கற தட்டு மேல போயி, வெல்லத் தட்டு தரையில முட்டோணும், அப்பத்தான் ஏத்துக்கும்பாங்க. முட்டுன பொறகும் என்ற தம்பி அள்ளி அள்ளி வெச்சானுங்க. போதும்டான்னாலும் கேக்குல. அத்தன ஆசைங்க அந்தப் பையன் மேல. எல்லாஞ் சேத்திப் பதினாலு கிலோ."

பதினான்கு கிலோ வெல்லம். பிள்ளை இல்லை, வெல்லம். தனப்பிரியாவுக்கு அந்த அம்மாளின் காலில் விழ வேண்டும் போலிருந்தது. அவள் விழவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

*

அவளுக்கு அழுகை வரவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது. உடம்பு முழுவதும் மரப்பு ஊசி போட்டது போல் இருந்தது. பல் துலக்கினாள், பஸ் ஏறினாள், டிரிப் மாற்றினாள். போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்த புருஷன் போனில் சாப்பிட்டாயா என்று கேட்டால், சாப்பிட்டேன் என்றாள்.

எடை மட்டும் இறங்கவில்லை. நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் கலர் பல்பு சுற்றும் எடை மிஷினில் காசு போட்டு நின்று பார்த்தாள். துண்டு அட்டை வெளியே வந்தது. அறுபத்திரண்டு. ஜாக்கெட் பழையபடி தளர்வாகத்தான் இருந்தது, கன்னம் ஒட்டித்தான் இருந்தது. ஸ்கூட்டியில் உட்கார்ந்தால் பின் டயர் மட்டும் அமுங்கியது.

குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஏறுவதை விட்டுவிட்டாள். எல்லாக் குழந்தையையும் அம்மாவோடு ஏற்றினாள், ராமாத்தாளோடு ஏற்றினாள், இரண்டு முறை மூன்று முறை ஏற்றினாள். அவள் எழுதும் எடையில் இப்போது ஒரு பிசகும் இல்லை. எல்லோரும் போன பிறகு தனியாக ஏறுவாள். அறுபத்தொன்று புள்ளி எட்டு. அடுத்த வாரம் அறுபத்திரண்டு புள்ளி மூன்று. அதற்கடுத்த வாரம் அறுபத்திரண்டு புள்ளி எட்டு. பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, வீட்டுக்குப் போகுமுன் சோப்புப் போட்டு அழிப்பாள்.

வாரத்துக்கு அரைக் கிலோ. எந்தப் பிள்ளையும் அப்படி வளராது. ஆனாலும் வளர்கிறது.

வேலை முடியும் நேரத்தில் யூனிஃபார்மின் இடது தோள் நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்தாள். வலது தோள் காய்ந்திருந்தது. கழற்றிக் கொடியில் போட்டால், இரவுக்குள் அந்த இடத்தில் எறும்பு மொய்த்தது. மோந்து பார்த்தாள். பால் வாடை. அதற்கு அடியில் வெல்லத்தின் வாடை, பாகு காயும் ஆலை வழியாகப் போகும்போது முகத்தில் அடிக்குமே, அந்தக் கனத்த வாடை.

ஒருநாள் மருந்து அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ராமாத்தாள் துடைப்பத்தை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள்.

"ஏஞ் சிஸ்டர், இடுப்புல புள்ளைய வெச்ச மாதரயே நிக்கறீங்க?"

தனப்பிரியா குனிந்து பார்த்தாள். இடுப்பு ஒரு பக்கம் தள்ளியிருந்தது. இடது கை வளைந்து காற்றை அணைத்திருந்தது. உடம்பு தானாகவே மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. கையைக் கீழே போட முயன்றாள். முடியாமல் இல்லை. ஆனால் போட்டால் விழுந்துவிடுமோ என்று மனம் பதறியது.

ஐந்தாவது வாரம்தான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. பன்னிரண்டு கிலோவை நெருங்கிவிட்டது. இப்படியே போனால் பதினான்கு வரும். பதினான்கு வந்துவிட்டால் இருநூற்று எண்பது சரி. அன்றைக்கு அவள் போட்டது தப்பில்லை என்று ஆகிவிடும். இது எவ்வளவு கேவலமான ஆசை என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் மறுநாள் கடையில் கால் கிலோ வெல்லம் வாங்கினாள். ஒரு துண்டை உடைத்து யூனிஃபார்ம் பையில் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் பை ஈரமாக இருந்தது. வெல்லம் இல்லை.

அதற்குப் பிறகு தினமும் போட்டாள்.

*

ஒன்பதாவது வாரம், வெள்ளிக்கிழமை, மதியம் மூன்றரை மணி. வார்டில் நோயாளிகள் இல்லை. ராமாத்தாள் வீட்டுக்குப் போயிருந்தாள். தனப்பிரியா மிஷினில் ஏறினாள்.

அறுபத்தாறு.

புள்ளிக்குப் பின்னால் சைபர். எண் ஆடவே இல்லை. ஐம்பத்திரண்டும் பதினான்கும்.

அவள் இன்னும் இறங்கவில்லை. வாசலில் ஆட்டோ நின்ற சத்தம் கேட்டது. ஒரு பெண் செருப்பில்லாமல் ஓடிவந்தாள். கையில் குழந்தை விறைத்திருந்தது.

"சிஸ்டர்! சிஸ்டர், என்ற புள்ள கண்ண மேல சொருகிட்டாளுங்க!"

பெண்ணின் பெயர் பிரபா. குழந்தை யாழினி, ஒன்றரை வயது. தனப்பிரியாவின் கைகள் அதுபாட்டுக்கு வேலை செய்தன. ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். வாயைத் துடைத்தாள். ஆக்சிஜன் வைத்தாள். நரம்பு கிடைத்தது. முதல் மருந்து போட்டாள். காத்திருந்தாள். நிற்கவில்லை. டாக்டர் சேலத்தில் இருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஃபெனிட்டாயின் ரெடி பண்ணு. நான் வர ஒரு மணி நேரமாவது ஆகும். எடை என்ன?"

"எடை எவ்வளவுங்க?" என்று பிரபாவைக் கேட்டாள்.

"தெரீலீங்க. எட்டோ ஒம்போதோ... பதினொண்ணு இருப்பாளுன்னு எங்க ஊட்டுக்காரரு சொல்லுவாருங்க..."

தனப்பிரியா பிரபாவையே குழந்தையோடு மிஷினில் ஏற்றினாள். அவள் நடுங்கிய நடுக்கத்தில் எண் எழுபதுக்கும் எழுபத்தாறுக்கும் நடுவே குதித்தது. நிற்கவே இல்லை. நிற்க அவளால் முடியவில்லை.

வேறு ஆள் இல்லை.

குழந்தையை வாங்கி வலது இடுப்பில் அணைத்துக்கொண்டு தானே ஏறினாள். அனல்போல் சுட்டது சின்ன உடம்பு. உள்ளே வெட்டி வெட்டி இழுத்தது. எண் ஓடி, நின்றது.

எழுபத்தைந்து.

"தனப்பிரியா? எடை சொல்லு."

ஐம்பத்திரண்டைக் கழித்தாள். இருபத்து மூன்று. அவள் இன்னொன்றையும் கழிக்க வேண்டும். கழித்தால் ஒன்பது. ஆனால் இல்லாத ஒன்றை எப்படிக் கழிப்பது? கழிக்கிறாள் என்றால் அது இருக்கிறது. இடது இடுப்பில், இரண்டு மாதமாக, இந்த நிமிடம்.

"லைன்ல இருக்கியா?"

"ஒம்போதுங்க சார்," என்றாள். "பதினாலு போக, ஒம்போது."

"என்னது?"

"ஒம்போது கிலோங்க சார். நூத்தி எம்பது மில்லிகிராம். மூணு புள்ளி ஆறு மில்லி."

"சரி. போடு. மெதுவா."

அவள் மிஷினை விட்டு இறங்கிய அதே நேரம், இடது இடுப்பிலிருந்து எதுவோ வழுக்கி இறங்கியது. துணி உரசியது. தரையில் இரண்டு பாதங்கள் பட்ட ஓசை. சின்னப் பாதங்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை, யாழினி இழுத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் கட்டிலில் கிடத்தினாள். மருந்தை அளந்தாள். இன்னொரு முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அளந்தாள். ஊசி நரம்பில்தான் இருக்கிறதா என்று சிரிஞ்சைச் சற்றே பின்னுக்கு இழுத்துப் பார்த்தாள். ரத்தம் நூலாக வந்தது. இருக்கிறது. சலைனில் கலந்து மெதுவாக ஏற்றினாள். சொட்டுச் சொட்டாக. ஒரு கையால் குழந்தையின் நாடியைப் பிடித்தபடி, கடிகாரத்தைப் பார்த்தபடி.

ஏழாவது நிமிடம் வலிப்பு நின்றது. பிரபா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தனப்பிரியா மூச்சை எண்ணினாள். பத்து நிமிடம். பதினைந்து. இருபது. மூச்சு நின்றுவிடும் என்று ஒவ்வொரு மூச்சுக்கும் பயந்தாள். நிற்கவில்லை. யாழினி ஒரு முறை சப்புக்கொட்டிவிட்டு, தலையைத் திருப்பிப் படுத்தாள். உதடு சிவந்திருந்தது.

"பொழச்சுக்கிட்டா," என்றாள் தனப்பிரியா. அவள் குரல் அவளுக்கே யாரோ பேசியதுபோல் கேட்டது.

எழுந்து போய் மிஷினில் ஏறினாள். ஐம்பத்திரண்டு.

உடம்பு லேசாக இருந்திருக்க வேண்டும். இடது கை மட்டும் வளைந்தபடியே இருந்தது. அதற்குள் ஒன்றும் இல்லை. முதல் முறையாக உண்மையிலேயே ஒன்றும் இல்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தாள். நெஞ்சில் எதுவும் அசையவில்லை.

கரண்ட் போனது. ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது. அமைதி.

அமைதி இல்லை.

"ஏனுங்க சிஸ்டர்," என்றாள் பிரபா மெதுவாக. "அந்தக் கட்டலு ஆடுதுங்க."

நான்காம் கட்டில். இரும்புக் கட்டில். கால்கள் தரையில் கடகடத்தன. நின்றன. மறுபடியும் கடகடத்தன. விரிப்பின் நடுவில் ஒரு பள்ளம். தலையணையில் ஒரு சின்னப் பள்ளம். இரண்டும் சேர்ந்து வெட்டி வெட்டி இழுத்தன. வெல்லத்தின் வாடை கனத்து வந்தது.

தனப்பிரியாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தது. அவ்வளவு தெளிவாக எதுவும் அவளுக்குத் தெரிந்ததில்லை. மருந்து அலமாரியைத் திறந்தாள். மூன்று குப்பிகளை உடைத்தாள். பதினான்கு. இருபது. இருநூற்று எண்பது. ஐந்து புள்ளி ஆறு. இப்போது கணக்குச் சரி. எடையிலும் சரி, தாளிலும் சரி.

நான்காம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இடது கையை நீட்டித் தடவினாள். சுட்டது. பற்றினாள். மணிக்கட்டு அவள் இரண்டு விரலுக்குள் அடங்கவில்லை. கொழுகொழுவென்று இருந்தது. கட்டைவிரலால் நீவினாள். நரம்பு உடனே கிடைத்தது.

"சிஸ்டர்..." பிரபா யாழினியை வாரி எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டு சுவர்வரை பின்னால் போயிருந்தாள். "சிஸ்டர், யாருக்குங்க ஊசி? ஆருமில்லீங்களே அங்க?"

தனப்பிரியா ஊசியை நரம்பில் செருகினாள். மெதுவாக ஏற்ற வேண்டும், இருபது நிமிடம். அதற்கு முன்னால் ஒன்று பார்க்க வேண்டும். வெறும் விரிப்புக்கு நாலு விரல் மேலே, காற்றில் நின்ற ஊசியை அசையாமல் பிடித்துக்கொண்டு, சிரிஞ்சைச் சற்றே பின்னுக்கு இழுத்தாள்.

ரத்தம் வந்தது.